ஓட மறந்த மீன்குஞ்சு!

கலர் மீன் கடைப் பக்கம் போயிருக்கீங்களா? உடம்பில் நீலக் கோடு போட்டுக்கொண்டு துறுதுறுவெனச் சுற்றுமே, அந்தக் குட்டி ஜீப்ரா மீன்தான் நம்ம ஹீரோ. சொந்த ஊர் கங்கைச் சமவெளி. இப்போது உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அதற்கு ஏக மவுசு. 'கஞ்சா மூளையை என்ன பண்ணும்?' என்ற கேள்விக்கும் அதனிடம்தான் பதில் தேடுகிறார்கள்.

மனுஷ மூளைக்கு மீன் சாட்சியா என்று சிரிக்காதீங்க. 2013-ல் இதன் மரபணுத் தொகுப்பு வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 சதவிகிதத்துக்கு இந்த மீனிடம் ஜோடி இருப்பது தெரிந்தது. கருவோ கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதை மைக்ராஸ்கோப்பில் லைவாகவே பார்க்கலாம்!

கள்ளச்சாவி

நம் மூளையில் சி.பி.1 என்றொரு பூட்டு உண்டு. அதற்கு உடம்பே தயாரிக்கும் சாவி, ஆனந்தமைடு. 1992-ல் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற நம்ம ஊர் வார்த்தையிலிருந்தே பேர் வைத்தார்கள். கஞ்சாவில் இருக்கும் டி.ஹெச்.சி., அதே பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. இந்தப் பூட்டு ஜீப்ரா மீனுக்கும் இருக்கிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? கருவாகிச் சில மணி நேரமே ஆன முட்டைகளை, டி.ஹெச்.சி. கலந்த நீரில் 5 மணி நேரம் மட்டும் வைத்தார்கள். போதை தராது என்று சொல்லப்படும் சி.பி.டி.யையும் தனியாகச் சோதித்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. இரண்டிலுமே குஞ்சுகளின் இதயத்துடிப்பு குறைந்தது, உடம்பு குட்டையானது, தசைக்குப் போகும் நரம்புக் கிளைகளும் குறைந்தன.

அடுத்ததுதான் ஷாக். சத்தம் கேட்டால் படக்கென வளைந்து ஓடுவது மீனின் தற்காப்பு. இந்தக் குஞ்சுகளில் பல, சத்தம் வந்தும் அசையவில்லை!

மனிதக் கருவில் இந்தக் கட்டம், கருத்தரித்த மூன்றாவது வாரம். அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது.

மீனுக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. மருந்து கலந்த நீரில் கிடப்பதும், புகையாக இழுப்பதும் ஒன்றல்ல. ஆனால், எங்கே உஷாராக இருக்கணும் என்று மீன் கைகாட்டிவிட்டது.

'மூலிகைதானே மச்சி, ஒண்ணும் ஆகாது' என்று யாராவது நீட்டினால், அந்தக் குஞ்சை நினைச்சுக்கோங்க. அதால் ஓட முடியவில்லை. உங்களால் முடியும்!