தந்தை பெயரில் நிற்கும் நிலம்



தந்தை மறைந்து பல்லாண்டு ஆகியும் வீட்டுக் கிராண்டு அவர் பெயரிலேயே இருப்பதை நம்மவரிடையே அடிக்கடி காண்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் பாரம் நிரப்பித் தரும்படி பலர் என்னிடம் வருவர்.

“சீர் செய்து கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை” என்பார் உண்டு. அது சட்டமன்று. தீபகற்ப மலேசியாவில் இசுலாமியர் அல்லாதார்க்குரிய 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் மகன், மகள் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. பெற்றோரை முன்பே இழந்த ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் இருக்கின்றனர் என்போம். சொத்தை 9 பங்காக்கினால் மனைவிக்கு 3, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 2.

பெயர் மாற்றுமுன் ஒரு மகனும் இறந்துவிட்டால், அவர் பங்கு அவருடைய மனைவி, மக்கள், தாயார் எனப் பிரியும். நால்வர் பேசி முடிக்க வேண்டியதற்குப் பத்துப் பேரைத் தேட நேரும். வழக்குகள் இப்படித்தான் வளர்கின்றன.

நிலம் உட்பட மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாவிட்டால் உயர்நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. 2024 ஜூலைக்கு முன் இவ்வரம்பு 20 லட்சமாக இருந்தது. நிலம் உள்ள மாவட்டத்தின் சொத்துப் பகிர்வுப் பிரிவில் ‘பாரம் ஏ’ கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், கிராண்டு நகல், வாரிசுகளின் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை இணையுங்கள். விசாரணைக்கு வாரிசுகள் அழைக்கப்படுவர். பங்கை விட்டுக்கொடுக்க விரும்புவோர் அதிகாரி முன்னிலையில் மனமொப்பிச் சொல்லட்டும். அண்ணன் நீட்டும் வெற்றுத்தாளில் தங்கை கையெழுத்திட வேண்டாம்.

தாயார் இருக்கும்போதே பிள்ளைகள் கூடிப் பேசி மனுச் செய்யுங்கள். வீடு யாருக்கு என்பதைவிட, பொங்கலுக்கு எல்லாரும் அவ்வீட்டுக்கு வருவது பெரிது.