ஏலப்பாறையும் ஹட்டனும்: ஒரே மக்கள், இரு நாடுகள்

ஒரு நாட்டு மக்களின் குணம் இன்னது என்று ஒரே வரியில் சொல்லிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. கேரளத்தார் எதற்கும் கொடி பிடிப்பார்கள் என்போம். இலங்கையர் எதையும் மெல்ல எடுத்துக்கொள்பவர்கள் என்போம். இத்தகைய சொற்கள் எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்தறிவது எளிதன்று. இரு நாடுகளை ஒப்பிடும்போது மொழி, சமயம், தட்பவெப்பம், வரலாறு என எல்லாமே வேறுபட்டு நிற்பதால், எந்தக் குணம் எதனால் வந்தது என்று பிரித்துக் காண முடிவதில்லை.

ஆனால் வரலாறு தானாகவே அமைத்துத் தந்த ஒரு சோதனைக்களம் உண்டு. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் வழியில் உள்ள ஏலப்பாறையும், இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் உள்ள ஹட்டனும் அதன் இரு முனைகள். இரண்டும் தேயிலை ஊர்கள். இரண்டிலும் காலை மூடுபனியில் கொழுந்து பறிக்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சி என்னும் பழைய மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஒருவர் கம்பத்திலிருந்து குமுளி மலையேறினார். மற்றொருவர் மண்டபம் சென்று கடல் கடந்தார். எவர் எந்தப் பக்கம் போனார் என்பதைப் பெரும்பாலும் அந்த ஆண்டு எந்தக் கங்காணி ஊருக்கு வந்தார் என்பதே முடிவு செய்தது.

தொழிலின் கதையும் ஏறத்தாழ ஒன்றே. இலங்கையில் 1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. பீருமேட்டு மலையில் 1860களையொட்டிக் காப்பி வந்தது. இலைத்துரு நோய் இரு மலைகளிலும் காப்பியை அழித்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. குடியிருப்பும் ஒன்றே. வரிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த ‘லயம்’ என்ற பெயர் கடலுக்கு இருபுறமும் ஒன்றாகவே நிலைத்துவிட்டது. சுமார் 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அறை, ஒரு சமையல் மூலை, பக்கத்து வீட்டுடன் பொதுச் சுவர். இதுவே இலங்கையின் பழைய லயம். பீருமேட்டு லயங்களைப் பார்த்தவருக்கு இதில் வியப்பாக எதுவும் இராது.

ஒரே வேர், ஒரே தொழில், ஒரே கூரை. மாறியது நாடு மட்டும். எனில், இன்று இரு மலைகளிலும் காணப்படும் வேறுபாடுகளுக்கு அந்தந்த நாடு செய்தவற்றிலும் செய்யாதவற்றிலும்தான் காரணம் தேட வேண்டும்.

முதல் வேறுபாடு வாக்குச்சீட்டில் தொடங்குகிறது. 1947இல் நடந்த இலங்கைத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று; அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தம் சுமார் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று. அந்த மிச்சத்தையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்ற நிலைக்கு முற்றாக முடிவு காணும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஏலப்பாறைத் தொழிலாளிக்கு இந்த இருள் நேரவில்லை. குடியரசு பிறந்த நாளிலிருந்தே அவர் குடிமகன். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் எதிர்ப்பையும் மீறித் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துடன் சேர்ந்தன. மொழிச் சிறுபான்மையினரானாலும் வாக்கு அவர் கையில் இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியிருந்தது.

இதன் விளைவு எதிர்பாராத இடத்தில் வெளிப்பட்டது. வாக்கு இல்லாத இலங்கைத் தோட்டத்தில் தொழிற்சங்கமே கட்சியாகவும், நீதிமன்றமாகவும், தூதரகமாகவும் இயங்க வேண்டியிருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரானபோது, அவரைத் தாங்கி நின்றது சங்கச் சந்தா கட்டிய தோட்ட மக்களே. கேரளத்திலோ வாக்கு முன்கூட்டியே கிடைத்ததால், பெரிய கட்சிகளின் சங்கங்கள் தோட்டத்துக்குள் வந்தன. கூலி உயர்வும் சட்டப் பாதுகாப்பும் அவற்றால் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் தலைமை பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே இருந்தது. 2015 செப்டம்பரில் மூணாற்றின் பெண் தொழிலாளர்கள் ‘பெண்பிளை ஒருமை’ என்று திரண்டபோது அவர்களுடைய சினம் நிர்வாகத்தின் மீது மட்டும் பாயவில்லை. தங்கள் பெயரால் பேசிய சங்கங்கள் மீதும் பாய்ந்தது. அன்றைய நாள்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்டது 500. பறிக்கப்பட்ட 20 சதவீத ஊக்கத்தொகையை மீட்டார்கள். கூலி பின்னர் 301 ரூபாயாயிற்று.

இதை வைத்து இடுக்கித் தமிழ்ப் பெண்ணைப் போர்க்குணம் மிக்கவர் என்றும், ஹட்டன் பெண்ணைத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர் என்றும் சொல்வது எளிது. அப்படிச் சொல்பவர்கள் இருக்கவும் செய்கிறார்கள். உண்மையில் ஒருவருக்குச் சங்கத்தை எதிர்த்தாலும் குடியுரிமை போகாது என்ற உறுதி இருந்தது. மற்றவருக்குப் பல பத்தாண்டுகளாக அந்தச் சங்கத்தை விட்டால் வேறு நாதியில்லை.

உணவுப் பழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தோட்டத்தில் கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும் அன்றாட உணவு. ஏலப்பாறையில் சோறும், மரவள்ளிக் கிழங்கும், கீழிருந்து வரும் மீனும். ரொட்டி அவர்களுடைய மரபு என்று எழுதிய கட்டுரைகளும் உண்டு. மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து போனவருக்குக் கோதுமை ரொட்டி எப்படி மரபாகும்? தோட்டத்தில் பங்கீடாகக் கிடைத்தது மாவு, அதுவே பழக்கமாயிற்று. கேரளத்தில் நியாயவிலைக் கடைகள் அரிசியைக் குறைந்த விலையில் மலைவரை கொண்டு சேர்த்தன. 1970களின் முற்பகுதியில் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன.

நாட்டுச் சராசரிகளை நம்பி இவ்விரு ஊர்களையும் ஒப்பிடுவதும் தவறாக முடியும். எழுத்தறிவிலும் ஆயுளிலும் இலங்கை இந்தியச் சராசரியை விட மேலே நிற்கிறது. கேரளமும் அப்படியே, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 74 சதவீதம், கேரளத்தினுடையது 94 சதவீதம். இவ்விரு பெருமைகளிலும் தோட்டம் கடைசி வரிசையில் இருக்கிறது என்பது இரு மலைகளுக்கும் பொதுவான செய்தி. இலங்கையில் 1940களில் வந்த இலவசக் கல்வி தோட்டப் பள்ளிகளைத் தொட 1970கள் வரை காத்திருந்தது.

கூலிக்கு வருவோம், வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதில் கவனிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. நெடும் போராட்டத்துக்குப் பின் 2021இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாள்கூலி 1,000 இலங்கை ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் அது நம் பணத்தில் ஏறத்தாழ 370 ரூபாய். 2022இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், சில மாதங்களில் 360ஐ ஒட்டிச் சரிந்தது. அதே ஆயிரம் ரூபாய் அப்போது நம் பணத்தில் 220 ரூபாயளவே. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. பல ஆண்டுகள் முழக்கமிட்டுப் பெற்ற உயர்வை ஓராண்டு விலைவாசி விழுங்கிவிட்டது. கூலியைக் காசாக வீட்டில் வைத்திருந்தவரும், சிறு சேமிப்பாக வைத்திருந்தவரும் ஒருசேர இழந்தார்கள். காதில் கழுத்தில் சிறிது தங்கம் இருந்தவர் அதை அடகு வைத்து அரிசி வாங்கினார். மலையகப் பெண்ணுக்குத் தங்கத்தின் மீது மோகம் அதிகம் என்று சொல்வோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஏலப்பாறையின் இடர் வேறு வகையானது. பணத்தின் மதிப்பு அங்கே சரியவில்லை, வேலையே நின்றது. சோவியத் ஒன்றியம் மறைந்து பெரிய சந்தை ஒன்று சுருங்கியதும், தேயிலை விலை வீழ்ந்ததும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டையொட்டிப் பீருமேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி பாக்கி, வருங்கால வைப்பு நிதி பாக்கி, பணிக்கொடை பாக்கி என்று மூன்று பாக்கிகள் எஞ்சின. இளைஞர்கள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் இறங்கினார்கள். ஹட்டன் இளைஞர் கொழும்புக் கடைகளுக்கு இறங்கியதைப் போலவே.

சட்டத்தில் ஓய்வுக்காலப் பாதுகாப்பு இரு நாடுகளிலும் உண்டு. இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும். இலங்கையில் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும். பணிக்கொடையின் அடிப்படைகூட ஏறத்தாழ ஒன்றே: ஐந்தாண்டு பணி முடித்தவருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் அரை மாத ஊதியம். முட்டுக்கட்டை இதற்கு வெளியே இருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர் லயத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்தால் எங்கே போவது? ஆகவே பணிக்கொடை வரும்வரை அவர் வீட்டை விடமாட்டார். வீட்டை விடும்வரை பணிக்கொடை வராது. இரு மலைகளிலும் இந்த இழுபறி உண்டு. இதிலிருந்து தப்ப ஒரே வழி, மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிவு செய்வது. நன்றாகப் படித்த பெண் கொழுந்துக்கூடை எடுக்கிறாள் என்றால், தோட்டத்தார் தோட்டத்தை விட்டு வெளியேறும் துணிவற்றவர்கள் என்று பேசுவோர் அந்தக் கூரையின் கணக்கை அறியாதவர்கள்.

இந்தக் கூரையின் விலை சில நேரங்களில் மிகக் கொடியது. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள்.

இரு நாடுகளையும் வாழ்ந்து பார்த்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1964 ஒப்பந்தப்படி திரும்பியவர்களுக்காக நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று; கேரளத்தில் புனலூருக்கு அருகே இரப்பர் தோட்டமும், வண்டிப்பெரியாருக்குத் தெற்கே கவியில் ஏலத்தோட்டமும் அவர்களுக்கு வேலை தந்தன. அங்கே இந்தியர் என்றும் கள்ளத்தோணி என்றும் இருவிதமாகவும் ஒதுக்கப்படாமல் இருக்கலாம் என்று நம்பி வந்தவர்களை, இங்கே அண்டை அயலார் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தார்கள். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் இலங்கையர்! ஏலப்பாறைத் தமிழருக்கும் இந்த அனுபவம் முற்றிலும் புதிதன்று. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, முன்னோர் 1950க்கு முன்பே அங்கு குடியிருந்ததை நிறுவ வேண்டும். பேரேட்டில் பெயர் எழுதியவர் தோட்டக் கணக்கர். அந்தப் பேரேடு எங்கே என்று பேரப்பிள்ளை தேடுகிறார்.

ஒன்றில் மட்டும் ஹட்டன் முந்திவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. அங்குள்ளோர் தமக்கென்று ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை உருவாக்கி, அதற்கென இலக்கியமும் படைத்து, 2023இல் தம் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து முன்னோர் நடந்த வழியில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இடுக்கித் தமிழருக்கு அத்தகைய பொதுப்பெயர் இன்றுவரை இல்லை. மறுபுறம், ஏலப்பாறைச் சிறுவன் மலையாளத்தையும் தமிழையும் ஒரே மூச்சில் பேசி அரசு அலுவலகத்தில் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறான். அவனுடைய தாய் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ குழுவில் கணக்கு எழுதக் கற்றவள். சீட்டுப் பிடிக்கும் வழக்கம் மட்டும் இரு மலைகளிலும் மாறவில்லை. அச்சொல்லை இலங்கையில் சிங்களவரும் எடுத்துக்கொண்டார்கள்.

கடன் விண்ணப்பங்களில் சொந்த வீடா, வாடகை வீடா என்று ஒரு கட்டம் இருக்கும். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர் இரண்டையும் குறிக்க இயலாது. அந்த வீட்டை ஈடாக வைக்கவும் இயலாது. இலங்கையில் இந்திய அரசின் உதவியுடன் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகளும், 2017 மே மாதம் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் திட்டமிடப்பட்டன. வீடொன்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலம், அதாவது நான்கு சென்டுக்குச் சற்று மேல். தனிச் சுவர், தனி வாசல், முன்புறம் ஒரு பாத்தி கீரைக்கு இடம். பீருமேட்டில் மூடிய தோட்டங்களின் லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓட்டுக் கூரை ஒழுகும் இடங்களில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, பழுது பார்க்கும் பொறுப்பு நிர்வாகத்துடையதா அரசுடையதா என்ற வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கின்றன.