பயத்தை எங்கே வைக்கிறார்கள்?

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பட்டாசு ஆலை விபத்து வழக்கென்றால், கவனக்குறைவு யாருடையது என்று அங்கே விசாரிப்பார்கள். அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. ஆபத்து தெரிந்தும் விடிகாலையில் வேன் ஏறுகிறவர்கள் தங்கள் பயத்தை எங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள்?

அதே மாவட்டத்தில் இராஜபாளையத்துக்கு நூற்பாலைகள் உண்டு. கிழக்கே வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்து வானம் பார்த்த பூமியில் பிழைப்பு என்றால் வெடி ஆபீஸ் எனும் பட்டாசு ஆலைதான். பயமில்லையா என்று கேட்டால், ரோட்டில் போனாலும் சாவு வரும் என்பார்கள். எங்கள் ஆபீஸில் அப்படி நடக்காது என்பார்கள். இதை அறியாமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது மனத்தின் உழைப்பு. தாங்க முடியாத அச்சத்தை மறுப்பது போன்ற வழிகளில் மனம் தன்னைக் காத்துக்கொள்வதை உளப்பகுப்பாய்வாளர் ஆன்னா பிராய்ட் 1936-இல் ஒரு நூலாகவே எழுதினார். பிரான்ஸின் மனநல மருத்துவர் கிறிஸ்தோஃப் தெழூர் கட்டடத் தொழிலாளர்களிடம் இன்னொன்றைக் கண்டார். உயரத்தில் வேலை செய்பவர்கள் கூட்டாகவே பயத்தை மறுக்கிறார்கள். பயந்ததாகக் காட்டிக்கொள்பவருக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. பாதுகாப்புக் கவசத்தைத் தட்டிக்கழிப்பதும் இதனால்தான். அதை மாட்டும்போதே ஆபத்து நினைவுக்கு வந்துவிடுகிறது.

வெடிமருந்து கலக்கும் அறையில் இந்த மறுப்பு உயிரையே கேட்கிறது. கலவை உராய்ந்தால் பற்றிக்கொள்ளும். மிஞ்சிய கலவை ராத்திரி ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்பது விதி. ஆனால் கூலி, செய்துமுடித்த வெடிகளின் எண்ணிக்கைக்குத்தான். தீபாவளி நெருங்க நெருங்கக் கை வேகமெடுக்கும். அந்த வேகத்தில் பயத்துக்கு நேரம் கொடுத்தால் அன்றைய சம்பளம் குறையும்.

வீட்டிலும் இதே மௌனம்தான். மனைவி கேட்பதில்லை, கணவன் சொல்வதில்லை. பக்கத்து ஆபீஸில் வெடித்த நாளில்கூடப் பேச்சு சீக்கிரமே வேறு பக்கம் திரும்பிவிடும். இதைப் பார்த்து வளரும் பிள்ளை, பயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. பின்னாளில் அதைக் குணம் என்கிறோம். அழுத்தக்காரன் என்று பெயரும் வைக்கிறோம்.

தொழிலாளியின் மறுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாமல் அவரால் மறுநாள் அந்தக் கதவைத் திறக்க முடியாது. பொறுக்க முடியாதது மேலே இருப்பவர்களின் மறுப்பு. முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் தீயைக் கண்டு ஓடிவந்த ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மறுபடியும் கொத்தாக உயிர்கள் போயின. ஒவ்வொரு தடவையும் இறந்தவரின் கவனக்குறைவு முதலில் பேசப்படுகிறது. உள்குத்தகையும் அளவு மீறிய ஆள்கணக்கும் பிறகுதான் பேச்சுக்கு வருகின்றன. பழியை இறந்தவர்மேல் இறக்கிவைத்தால் உயிரோடிருப்பவர்களுக்கு மனசு லேசாகிறது. வாசலில் மத்தாப்பு கொளுத்தும் நமக்கும் அதில் பங்குண்டு.

ஆபத்தை விளக்கும் வகுப்புகளால் மட்டும் இது மாறாது. தெரிந்ததையே அங்கே மறுபடி சொல்கிறார்கள். மருந்தில் சூடு தெரிகிறது என்று ஒருவர் சொன்னால், கூலி பிடிக்காமல் அந்த அறையை அன்றைக்கு மூட வேண்டும். பயத்தைச் சொன்னவருக்கு மறுநாளும் வேலை இருக்க வேண்டும்.