60-ல் வந்த கார் நின்ற இடத்தில், 80-ல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்? - பிரேக்குக்குப் பின்னால் இருக்கும் பிளஸ் ஒன் இயற்பியல்

மழையில் நனைந்த நெடுஞ்சாலை. பக்கத்துப் பக்கத்து லேனில் இரண்டு கார்கள். ஒன்று மணிக்கு 60 கி.மீ. வேகம், இன்னொன்று 80 கி.மீ. திடீரென்று முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது. இரண்டு டிரைவர்களும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் அதைப் பார்க்கிறார்கள். 60-ல் வந்த கார் மாட்டை இடிக்காமல் மயிரிழையில் நின்றுவிடுகிறது. அதே இடத்தைத் தொடும்போது 80-ல் வந்த கார் என்ன வேகத்தில் இருக்கும்?

‘20 கி.மீ. இருக்கும்’ என்றுதான் மனம் கணக்குப் போடும். சரியான விடை, சுமார் 58 கி.மீ.!

எப்படி? பிளஸ் ஒன்னில் படித்துவிட்டு மறந்துபோன நிகர விசையும் உராய்வும்தான் இதற்குப் பதில்.

முதலில் படம், பிறகு கணக்கு

விசைக் கணக்குகளில் பலரும் சறுக்குவது சூத்திரத்தில் அல்ல. என்னென்ன விசைகள், எந்தத் திசையில் என்று பார்க்காமலேயே எண்களைப் போட்டுவிடுவதுதான் சிக்கல். பொருளை ஒரு கட்டமாக வரையுங்கள். கீழ்நோக்கி எடை. மேல்நோக்கி, தரை தாங்கும் செங்குத்து விசை. பக்கவாட்டில் நீங்கள் தள்ளும் விசை. அதற்கு எதிராக உராய்வு. எதிரெதிர் விசைகளைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிகர விசை. அதை நிறையால் வகுத்தால் முடுக்கம். அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜும் கிரெடிட் கார்டும்

60 கிலோ ஃபிரிட்ஜ் ஒன்றைத் தள்ளுகிறீர்கள். எடை சுமார் 600 நியூட்டன். தரையும் அதே 600 நியூட்டனால் தாங்குகிறது. உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி, ‘உராய்வு 300 நியூட்டன்’ என்று எழுதத் தோன்றும். இங்கேதான் தப்பு நடக்கிறது.

நீங்கள் தள்ளுவது 200 நியூட்டன்தான் என்றால்? உராய்வு உண்மையிலேயே 300 ஆக இருந்தால், மிச்சம் 100 நியூட்டன் ஃபிரிட்ஜை உங்கள் மீதே தள்ள வேண்டும். அப்படி எந்த வீட்டிலும் நடப்பதில்லையே! 300 என்பது உச்சவரம்பு மட்டும்தான். கிரெடிட் கார்டு லிமிட் மாதிரி. நீங்கள் 200 தள்ளினால் உராய்வும் 200 மட்டுமே எதிர்க்கும். நிகர விசை பூஜ்யம், ஃபிரிட்ஜ் நகராது.

330 நியூட்டன் கொடுத்தால் லிமிட் தாண்டி, ஃபிரிட்ஜ் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் பொருளுக்கு இயக்க உராய்வு. இது பொதுவாக ஓய்வுநிலை உராய்வின் உச்சத்தைவிடக் குறைவு. குணகம் 0.4 என்றால் 240 நியூட்டன். நிகர விசை 330 - 240 = 90. முடுக்கம் நொடிக்கு நொடி 1.5 மீட்டர். ‘நகர்த்தத்தான் கஷ்டம், நகர்ந்துட்டா ஈஸி’ என்று சொல்வது இதனால்தான்.

காரை நிறுத்துவது பிரேக் அல்ல, சாலை

பிரேக், சக்கரத்தின் சுழற்சியைத்தான் தடுக்கிறது. காரைப் பின்னோக்கி இழுத்து நிறுத்துவது, டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. அதற்கும் ஒரு லிமிட் உண்டு. காய்ந்த தார்ச்சாலையில் குணகம் சுமார் 0.7, நனைந்த சாலையில் சுமார் 0.4 என்று எடுத்துக்கொள்வோம். சமதளச் சாலையில் வேகம் நொடிக்கு நொடி முறையே 7 மீட்டர், 4 மீட்டர் வீதம்தான் குறைய முடியும். காரின் நிறை இருபுறமும் அடிபட்டுப்போவதால், கணக்கில் அதற்கு வேலையே இல்லை.

நிற்கத் தேவையான தூரத்துக்கு, வேகத்தின் வர்க்கத்தை இந்த வீதத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வேகத்தை மட்டும் கி.மீ.யிலிருந்து நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள் (3.6-ஆல் வகுத்தால் போதும்). பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் இதுதான்:

- 40 கி.மீ.: காய்ந்த சாலையில் 9 மீட்டர், நனைந்த சாலையில் 15 மீட்டர்
- 60 கி.மீ.: 20 மீட்டர், 35 மீட்டர்
- 80 கி.மீ.: 35 மீட்டர், 62 மீட்டர்

வேகம் 40-லிருந்து 80 ஆனால் இரு மடங்கு. தூரமோ நான்கு மடங்கு!

அந்த 58 எங்கிருந்து வந்தது?

மாட்டைப் பார்த்து, பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைப்போம். 60-ல் வந்த கார் அதற்குள் 16.7 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பின் 34.7. மொத்தம் 51.4 மீட்டரில் நிற்கிறது.

80-ல் வந்த கார் அந்த ஒரு நொடியிலேயே 22.2 மீட்டர் போய்விடும். மாடு நிற்கும் இடத்துக்கு மிச்சம் 29.2 மீட்டர்தான். முழு பிரேக்கில் வந்தாலும் அங்கே வேகம் நொடிக்கு 16.1 மீட்டர். அதாவது மணிக்கு 58 கி.மீ.

‘ஏபிஎஸ் இருக்குல்ல?’

இருக்கிறது, உதவவும் செய்யும். சக்கரம் உருளும்வரை, சாலையைத் தொடும் டயர் பகுதி வழுக்குவதில்லை. அங்கே ஓய்வுநிலை உராய்வு. சக்கரம் லாக் ஆனால் வண்டி சறுக்கும். உராய்வு குறையும், ஸ்டியரிங்கும் கேட்காது. ஏபிஎஸ், பிரேக்கை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடித்து இதைத் தடுக்கிறது. இந்தியாவில் 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளில், புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், மற்றவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் இது கட்டாயமானது.

ஆனால் ஏபிஎஸ் அந்த லிமிட்டை உயர்த்தாது. லிமிட்டை ஒட்டியே வண்டியை வைத்திருக்கும், அவ்வளவே. டயர் தேய்ந்து, சாலையும் நனைந்திருந்தால் லிமிட் இன்னும் கீழே போகும்.

என்ன செய்யலாம்?

முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைக் கடந்த பிறகு, நீங்கள் அதைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். காய்ந்த சாலையில் குறைந்தது 2 நொடி, மழையில் 4 நொடி இடைவெளி வேண்டும். 60-ல் போகும்போது 4 நொடி என்பது சுமார் 67 மீட்டர். மழையில் நிற்கத் தேவை 51. கையில் மிச்சமிருக்கும் அந்த 16 மீட்டர்தான் உங்கள் பாதுகாப்பு.