மின்னஞ்சல் வழங்கிக்கான தொலை அணுக்கம்

மின்னஞ்சல் வழங்கிக்கான தொலை அணுக்கம் என்பது, அலுவலகத்துக்கு வெளியே பணிபுரிவோர் தம் நிறுவனத்தின் மின்னஞ்சல் வழங்கியை இணையம் வழியே பாதுகாப்புடன் பயன்படுத்தும் முறையாகும். எடுத்துக்காட்டாக, புதுச்சேரி நகரில் வழங்கியை வைத்துள்ள ஒரு நிறுவனத்தின் பணியாளர் காரைக்காலிலோ மாகேயிலோ தம் வீட்டிலிருந்து மடல்களைப் படிக்கலாம். அவருடைய வீட்டு இணைப்பை அலுவலக இணைப்பைப் போல வழங்கி நம்பிவிட முடியாது.

செயற்பாடு

இதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, வழங்கியை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது. ஐமேப் நெறிமுறைக்கு 993, மடல் அனுப்ப 587, உலாவி வழி படிக்க 443 ஆகிய போர்ட்டுகள் பயன்படுகின்றன. மறையீடு இருப்பதால் இடைவழியில் எவரும் மடலைப் படிக்க இயலாது. ஆயினும் உள்ளே வருபவர் யார் என்பதைப் பெரும்பாலும் கடவுச்சொல் ஒன்றே முடிவு செய்கிறது.

இரண்டாவது, மெய்நிகர் தனியார் வலையமைப்பு (வி.பி.என்.). பணியாளரின் கணினி முதலில் நிறுவனத்தின் நுழைவாயிலுடன் மறையீடு செய்த தடம் ஒன்றை ஏற்படுத்திக்கொள்ளும். அதன் பின்னரே மின்னஞ்சல் வழங்கி அதன் பார்வைக்கு வரும். ஏனையோருக்கு அப்படியொரு வழங்கி இருப்பதே தெரியாது.

இவ்வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. மைக்ரோசாஃப்ட் எக்சேஞ்ச் வழங்கியில் தாக்குவோர் ஏற்கெனவே பயன்படுத்திவந்த நான்கு வழுக்களுக்கு 2021 மார்ச் 2 அன்று திருத்தங்கள் வெளியாயின. நுழைவதற்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. 443 போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருந்தால் போதும். வி.பி.என்.னுக்குப் பின்னால் இருந்த வழங்கிகளை வெளியிலிருந்து இவ்வாறு நேரடியாக எட்ட முடியவில்லை.

ஆனால் வி.பி.என். நுழைவாயிலும் ஒரு மென்பொருளே. பல்ஸ் செக்யூர் நுழைவாயிலின் வழு ஒன்றுக்கு 2019 ஏப்ரலில் திருத்தம் வந்தும், அதை நிறுவாதிருந்த நிறுவனங்கள் பின்னர் தாக்கப்பட்டன. திருடிய கடவுச்சொல் மட்டும் பயன்படாதிருக்க, ஒருமுறைக் கடவுச்சொல் போன்ற இரண்டாம் சான்றும் கேட்கப்படுவது வழக்கம். விலகிய பணியாளரின் கணக்கை அன்றே மூடுவது இதைவிட எளிது, மறக்கப்படுவதும் அதுவே.

இந்தியாவில்

அழைப்பு மையம் போன்ற நிறுவனங்களின் பணியாளர்கள் வீட்டிலிருந்து இணைய, தொலைத்தொடர்புத் துறை முன்பு உரிமம் பெற்ற சேவையாளரின் வி.பி.என்.னைக் கட்டாயமாக்கியிருந்தது. கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 13 அன்று இது தளர்த்தப்பட்டு, நிறுவனங்கள் தாமே அமைக்கும் வி.பி.என். ஏற்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 5 அன்று வந்த புதிய நெறிமுறைகள் வீட்டிலிருந்து பணிபுரிவதை மேலும் எளிதாக்கின.

வி.பி.என். சேவை வழங்குநர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் எனச் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது. நிறுவனங்கள் தம் பணியாளருக்காக நடத்தும் வி.பி.என்.களுக்கு இது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கமளிக்கப்பட்டது.