பறக்கும் இயந்திரத்தை எழுத்தில் பிடித்தவர்

ரைட் சகோதரர்களுக்குச் சைக்கிள் செய்யத் தெரியும். கிளைடர் செய்யத் தெரியும். காற்றுச் சுரங்கம் அமைத்து இறக்கையின் வளைவைச் சோதிக்கவும் தெரியும். விண்ணப்பம் எழுதத்தான் தெரியவில்லை. 1903 மார்ச்சில், வக்கீல் துணையின்றித் தாங்களே எழுதி அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு அவர்கள் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. படங்கள் போதவில்லை, விளக்கம் தெளிவாக இல்லை என்று ஆய்வாளர் குறை சொன்னார். கூடவே, இத்துறையில் தேர்ந்த வக்கீல் ஒருவரை அமர்த்திக்கொள்ளும்படி ஆலோசனையும் வந்தது.

டிசம்பர் 17 அன்று எஞ்சின் பூட்டிய அவர்களது விமானம் பறந்தது. 1904 ஜனவரியில் ஓஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஹாரி டூல்மின் என்ற காப்புரிமை வக்கீலை அவர்கள் நாடினார்கள்.

எஞ்சின் பூட்டிப் பறந்து காட்டிவிட்ட பிறகும் புதிய விண்ணப்பத்தில் எஞ்சின் இடம்பெறவில்லை. 1902-இல் செய்த கிளைடரையே அடிப்படையாக வைத்து, காற்றில் சாயாமல் விமானத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு மட்டும் டூல்மின் உரிமை கேட்டார். காரணம் எளியது. எஞ்சினை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எஞ்சின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டுப்பாடு இல்லாமல் எவரும் பறக்க முடியாது. சகோதரர்கள் கம்பியை இழுத்து இறக்கை முனைகளைத் திருகினார்கள். வாசகமோ அந்த ஒரு வழியோடு நிற்காமல், இறக்கையின் இரு ஓரங்களையும் வெவ்வேறு கோணத்தில் நிறுத்தும் பிற வழிகளுக்கும் இடம் வைத்தது.

1906 மே 22 அன்று 8,21,393 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதன் வலு பின்னர்தான் வெளிப்பட்டது. கிளென் கர்டிஸ் என்ற போட்டியாளர் இறக்கையைத் திருகாமல், அசையும் தனித் தட்டுகளைப் பொருத்தி விமானம் செய்தார். ரைட் சகோதரர்கள் 1909-இல் வழக்குத் தொடர்ந்தார்கள். தட்டு வேறு, திருகல் வேறு என்ற வாதம் எடுபடவில்லை. 1914 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரைட் தரப்புக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

காப்புரிமை வக்கீலின் கைத்திறன் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காப்புரிமை ஆவணத்தில் படம், விளக்கம், செயல்முறை எனப் பல பக்கங்கள் இருந்தாலும், கடைசியில் எண் போட்டு வரும் சில வாக்கியங்களே உரிமையின் அளவைத் தீர்மானிக்கின்றன. இவற்றை உரிமைக்கோரல் என்பார்கள். அலுவலகப் பேச்சில் ‘கிளெய்ம்’. நிலப் பத்திரத்தில் எழுதப்படும் நான்கெல்லையைப் போன்றது இது: வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எல்லை தவறினால் வழக்குதான் மிச்சம். கிளெய்மைக் குறுக்கி எழுதினால், ஒரு திருகாணியை மாற்றிவிட்டுப் போட்டியாளர் தப்பிவிடுவார். அளவுமீறி விரித்தால், இது ஏற்கெனவே உலகம் அறிந்ததுதான் என்று ஆய்வாளர் தள்ளிவிடுவார்.

ஏற்கெனவே அறிந்தது எது என்று தேடுவது வக்கீலின் இன்னொரு வேலை. மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்திய அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் சான்றாக அடுக்கி எதிர்த்தது. 1997-இல் அந்த உரிமை ரத்தானது. பெற்ற பிறகு இழப்பதைவிட, தாக்கல் செய்யும் முன்பே தேடிப் பார்ப்பது செலவு குறைந்த வழி. பழைய காப்புரிமைகள், ஆய்வுக் கட்டுரைகள், விற்பனைப் பட்டியல்கள் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, “இதற்குக் கிடைக்காது” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லும் வக்கீல், வாங்கும் கட்டணத்துக்கு உழைத்தவர். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு விவசாய முறைகள், வணிக முறைகள், வெறும் கணினி நிரல்கள், பாரம்பரிய அறிவு ஆகியவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. மொபைல் செயலி ஒன்றை உருவாக்கிவிட்டு ஓடி வருபவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வதும் வக்கீலின் பொறுப்பே. இங்கும் ரைட் சகோதரர்களின் கதை உதவும். அமெரிக்காவில் வென்ற அதே காப்புரிமை ஜெர்மனியில் அடிவாங்கியது. சகோதரர்களில் ஒருவரான வில்பர் 1901-இல் ஆற்றிய உரையும், அவர்களது நண்பர் ஆக்டேவ் சனூட் 1903-இல் பேசிய பேச்சும் விஷயத்தை முன்கூட்டியே வெளியிட்டுவிட்டன என்று 1912-இல் அங்குள்ள நீதிமன்றம் முடிவு செய்தது. கண்காட்சியில் வைப்பது, யூடியூபில் காட்டுவது, கல்லூரிக் கருத்தரங்கில் படிப்பது எல்லாம் வெளியிடுவதுதான். அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில சந்தர்ப்பங்களுக்கு மட்டும் இந்தியச் சட்டம் 12 மாத அவகாசம் தருகிறது. கருவி இன்னும் முழுமை பெறவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்து வைக்கலாம். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தாக வேண்டும்.

இந்தியாவில் காப்புரிமை கேட்கும் பழக்கம் 1856-இல் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் 3 அன்று கல்கத்தாவைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங், பங்கா என்ற கூரை விசிறியை இழுக்கும் கருவி ஒன்றுக்கு முதல் விண்ணப்பத்தைக் கொடுத்தார். அவர் பெயர் தாங்கிய காப்புரிமை நிறுவனம் இன்றும் சென்னையில் இயங்குகிறது. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் காப்புரிமை அலுவலகம் உண்டு. சென்னையில் அது கிண்டியில் இருக்கிறது.

‘பேட்டன்ட் அட்டர்னி’ என்று பெயர்ப் பலகை வைத்திருந்தாலும், காப்புரிமை அலுவலகத்தில் கட்சிக்காரருக்காக முன்னிற்பவரைச் சட்டம் ‘காப்புரிமை முகவர்’ என்றே அழைக்கிறது. அவர் வக்கீலாக இருக்க வேண்டும் என்பதில்லை. அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டமும், அலுவலகம் நடத்தும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். பதிவானவர்களின் பட்டியல் அலுவலக இணையதளத்தில் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன் பதிவு எண்ணைக் கேட்டு அங்கே ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் வாதாட வக்கீல் தேவை. இருவரும் ஒரே அலுவலகத்தில் இருந்தால் வசதி.

பதிவு எண் இருந்தால் போதுமா? பம்பு மோட்டார் செய்பவர், மருந்து மூலக்கூறு பற்றியே எழுதிப் பழகிய வேதியியல்காரரிடம் போனால் இருவருக்கும் சிரமம். முகவர் முன்பு எழுதிய காப்புரிமைகளின் எண்களைக் கேட்கலாம். வெளியாகிவிட்ட ஆவணங்கள் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியவை. கையெழுத்துப் போடும் பெரியவரே எழுதுவாரா, உதவியாளர் எழுதுவாரா என்பதையும், போட்டி நிறுவனம் எதுவும் அவரது கட்சிக்காரராக இருக்கிறதா என்பதையும் வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை.

கட்டண விவரத்தை இரண்டாகப் பிரித்து வாங்குவது நல்லது. இணையவழி விண்ணப்பத்துக்கான அரசுக் கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. ஆய்வு செய்யக் கோரும் கட்டணம் 4,000, 20,000 என்று தனி. 30 பக்கத்துக்கும் 10 கிளெய்முக்கும் மேலே போனால் கூடுதல். எஞ்சியது முகவரின் கூலி: தேடலுக்கு எவ்வளவு, எழுதுவதற்கு எவ்வளவு, ஆய்வாளரின் ஆட்சேபங்களுக்குப் பதில் தர எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு, அதற்கென நியமிக்கப்பட்ட முகவர்களின் கட்டணத்தை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2016 முதல் இருக்கிறது. அரசுக் கட்டணம் மட்டும் அவர்கள் பொறுப்பு.

டிரேட்மார்க் வேறு உலகம். இங்கே கருவி இல்லை. பெயரும் சின்னமும்தான் சொத்து. அதற்கான முகவரும் வேறு வகை, அறிவியல் பட்டம் வேண்டாம், காது வேண்டும். ‘அமிர்ததாரா’ என்ற மருந்து ஏற்கெனவே பதிவாகியிருக்க, ‘லக்ஷ்மண்தாரா’வுக்குப் பதிவு கேட்டு வந்த வழக்கு 1962-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் வேறுதான். ஆனால் மருந்து வாங்கப் போகிறவர் அரைகுறை நினைவோடு கேட்கிறார். முழுப் பெயரின் ஒலியே அவரைக் குழப்பும் என்றது நீதிமன்றம். பிந்தைய பெயர் பல ஆண்டுகள் ஆட்சேபமின்றி விற்பனையானதால், அதற்கு உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் இடம் கிடைத்தது. பெயர் வைக்கும் முன்பே இந்த ஒப்பீட்டைச் செய்து பார்ப்பவர்தான் நல்ல டிரேட்மார்க் முகவர். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. மசாலாப் பொடிக்கு ஒரு வகுப்பு, உணவகத்துக்கு வேறு. இரண்டும் நடத்துபவர் ஒன்றில் மட்டும் பதிவு செய்தால் மற்றது திறந்தே கிடக்கும்.

தேதி தவறுவதால் இழப்பவர்கள் ஏராளம். அலுவலகத்தின் அதிகாரப்பூர்வப் பத்திரிகையில் வெளியான டிரேட்மார்க்கை 4 மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு கைக்கு வந்து 2 மாதத்துக்குள் பதில் மனு போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். காப்புரிமையில் முதல் ஆய்வறிக்கைக்குப் பதில் 6 மாதத்தில். கேட்டால் 3 மாதம் நீட்டிப்பு. கிடைத்த காப்புரிமையை 20 ஆண்டு வரை தக்கவைக்க மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். டிரேட்மார்க்கை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தத் தேதிகளை யார் கவனிப்பது, எத்தனை நாள் முன்பு நினைவூட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது வழக்கம்.

அமர்த்திய முகவர் சரிப்படவில்லை என்றாலும் கோப்பு அவரோடு போய்விடாது. காப்புரிமைக்கு 26-ஆம் எண் படிவம், டிரேட்மார்க்குக்கு அதற்குரிய படிவம்: புதியவரின் பெயரில் இந்த அதிகாரப் பத்திரத்தைத் தாக்கல் செய்தால், அதன் பிறகு வரும் ஆய்வறிக்கைக்கு அவர் பதில் எழுதலாம்.