எலியின் தும்மல்

எலி தும்மிற்று என்பதற்காக மிருக வைத்தியரைத் தேடிச் செல்வாரும் உளரோ என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். இங்கிலாந்திலே உளர். எலியென்றதும் பொறியையும் பாஷாணத்தையும் நினைக்கும் நமக்கு இது விந்தையே. ஆயினும் அந்நாட்டில் எலி வளர்ப்பு நேற்று முளைத்த பழக்கமன்று. விக்டோரியா மகாராணியார் காலத்து இலண்டனில் ஜாக் பிளாக் என்னும் எலிபிடிகாரர் ஒருவர் இருந்தார். தாம் பிடித்தவற்றுள் நிறம் வேறுபட்ட எலிகளைக் கொல்லாது வைத்து, இனம் பெருக்கி, கூட்டிலிட்டு வளர்க்க விரும்பிய சீமாட்டிகளுக்கு விற்றார். 1901ஆம் ஆண்டில் ஏல்ஸ்பரி நகரில் நடந்த பிராணிக் காட்சியிலே மேரி டக்ளஸ் என்னும் பெண்மணியின் எலி பரிசு பெற்றது. 1976இல் எலி வளர்ப்போருக்கெனத் தேசிய சங்கமொன்றும் தோன்றிற்று. இவர்கள் வளர்க்கும் எலி வேறு சாதியன்று. சாக்கடையிலே திரியும் பழுப்பெலியின் வழித்தோன்றலே.

இவ்வெலி ஏன் தும்முகிறது? புதிதாக ஒரு வீட்டுக்கு வந்த எலி சில நாட்கள் தும்மினால் அஞ்ச வேண்டியதில்லை. புதிய தூசியும் புதிய மணங்களும் அதன் மூக்கை உறுத்துகின்றன. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அது தானே அடங்கிவிடும். எலிக்கு மூக்கே உலகம் என்று சொன்னால் மிகையாகாது. அது வழியறிவதும் உணவறிவதும் மூக்காலே. மூச்சு விடுவதும் மூக்கால் மாத்திரமே. நமக்குச் சளி பிடித்தால் வாயால் மூச்சு விட்டுச் சமாளிக்கிறோம். எலிக்கு அந்த வசதி இல்லை.

சிலவேளை தும்மலோடு மூக்கிலும் கண்ணோரத்திலும் செந்நீர் கசியும். இரத்தமென்று எண்ணிப் பிள்ளைகள் அலறுவதுண்டு. அது இரத்தமன்று. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியொன்று போர்பிரின் என்னும் செந்நிறப் பொருளைச் சுரக்கிறது. நலமுள்ள எலி அதனைக் கைகளால் துடைத்துக்கொள்ளும். துடைக்கப்படாமல் அது காய்ந்து கிடக்குமாயின், எலி நோயுற்றோ கலங்கியோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி நோய்க்கு வருவோம். மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்பது மிக நுண்ணியதொரு பற்றீரியா. வளர்ப்பெலிகளில் மிகப் பெரும்பாலானவை அதனைச் சுமந்தே வாழ்கின்றன. தாயிடமிருந்து குட்டிக்கும், மூச்சுக்காற்றின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கும் அது பரவும். ஒருமுறை குடிபுகுந்தால் வாழ்நாள் முழுவதும் நீங்காது. பற்றீரியாக்கள் பலவற்றுக்கு உடலைச் சுற்றி மதில் போன்றதொரு சுவருண்டு. அச்சுவரைக் கட்டவிடாது தடுத்தே பெனிசிலின் அவற்றைக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்கோ அச்சுவரே இல்லை. இல்லாத மதிலை இடிப்பதெங்ஙனம்? ஆகவே பெனிசிலின் இங்கே பயன்படாது. டொக்சிசைக்கிளின் போன்ற வேறு மருந்துகளை வைத்தியர் தருவர். அவையும் நோயை அடக்குமேயன்றி வேரறுக்கமாட்டா.

அங்ஙனமாயின் சில எலிகள் நலமே வாழ, சில மூச்சுத் திணறி மாள்வது ஏன்? பதில் பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே கிடக்கிறது. எலியின் சிறுநீர் பற்றீரியாக்களாற் சிதைந்து அமோனியா வாயுவாகிறது. மூச்சுக்குழாயின் உட்புறத்திலே அழுக்கையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்ற நுண்மயிர்கள் உள்ளன. அமோனியா அவற்றைக் கெடுத்துவிட, அடங்கிக் கிடந்த கிருமி சுவாசப்பைக்குள் இறங்குகிறது. அமோனியா மிகுந்தால் இந்நோயும் முற்றும் என்பதை 1976இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பரிசோதனையிற் காட்டினர். நின்றபடி குனியும் நமக்கே நாற்றம் தெரியுமாயின், படுக்கையிலே மூக்கைப் புதைத்துத் துயிலும் எலி எவ்வளவு உட்கொண்டிருக்கும்! மருந்துக்கு முன்னர் துப்புரவு வேண்டுமென்பது என் கருத்து.

நனைந்த படுக்கையை நாடோறும் அகற்றுக. வாரமொருமுறை முழுவதும் மாற்றுக. கண்ணாடித் தொட்டியில் காற்றோட்டம் குறைவு, கம்பிக்கூடே தக்கது. பைன், சீடர் மரச்சீவல்களின் மணம் நமக்கு இனிது. ஆனால் அம்மணத்தைத் தரும் பொருள்களே எலியின் மூச்சுக்குழாயை உறுத்துவன. தூசியற்ற கடுதாசித் துண்டுகள் நன்று. புகையிலைப் புகை, ஊதுவத்தி, வாசனைத் தெளிப்பு ஆகியன அவ்வறையில் ஆகா. புதிய எலியைக் குறைந்தது இரண்டு வாரமேனும் வேறு அறையில் வைத்துப் பார்த்த பின்னரே பழையவற்றோடு சேர்க்க வேண்டும். தனிமையும் எலிக்கு ஆகாது. இரண்டாயினும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

வளர்ப்பெலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகளே. மனிதக் கணக்கில் அதன் இரண்டு வாரம் ஏறக்குறைய ஓராண்டுக்குச் சமம். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்னும் வழக்கமான சொல் இங்கே பொருந்தாது. எலியைத் தூக்கி அதன் முதுகைக் காதோடு வைத்துக் கேளுங்கள். நலமுள்ள எலியின் மூச்சில் ஓசை இராது. கரகரப்போ சீழ்க்கையோ கேட்டால் அன்றே வைத்தியரிடம் செல்க. சமையலறைத் தராசில் வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வைப்பதும் நல்லது; உரோமம் மறைக்கும் மெலிவைத் தராசு மறைக்காது. விலாப்புறம் ஏறியிறங்க, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும் எலியைக் கண்டால், நள்ளிரவாயினும் விடியும்வரை காத்திருத்தலாகாது.